அடிக்காத அடி

ஜாகா என்கிற இந்தக் காவல் வேலையில் பாதி நேரம் டாய்லெட் எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வதிலேயே போய்விடும். என்னைப் போல நின்றுகொண்டே சம்பளம் வாங்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செமோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நான், ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குக் காவலுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. தடியை ஓங்கியது ஒரே ஒரு நாள்தான்.

கார் நிறுத்துமிடம்

மதிய நேரம். ஓர் ஆள் தன் மனைவியைக் கார்க் கதவோடு சாய்த்துக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணுக்குச் சத்தமே வரவில்லை. சுற்றி நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். நான் கத்தினேன், அவன் திரும்பவில்லை. தடியால் கையில் ஒன்று போட்டேன். பிடி விடவில்லை. இன்னொன்று போட்டதும் விட்டான்.

மூன்றாவதுக்கும் கையை ஓங்கிவிட்டேன். எப்படியோ இறக்கிவிட்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நீ யாருலா? இரு, போலீஸ்ல ரிப்போட் போடுறேன்.”

வக்கீல்

சொன்னபடியே போட்டான். எலும்பில் விரிசலாம். கேஸ் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். ஜெயிலுக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

இலவசமாக வழக்கு பார்க்கும் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார், காம்பார் ஊர்க்காரர். முன்பின் தெரியாதவருக்கு ஆபத்து என்றாலும் தடுத்து அடிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுதான், அது நீங்கிய பிறகு அடித்தால் குற்றம் என்றார். இரண்டாவது அடியின்போது அவன் கழுத்தை விட்டிருந்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்றாவது தடவையும் கையை ஓங்கியதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“அடிக்காம விட்டீங்க பாருங்க அக்கா, அதுதான் நம்ம கேஸ்.”

பழக்கடை

கேமராவைத் தூண் மறைத்திருந்தது. படம் எடுத்தவர்கள் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. வந்தவர் பேரங்காடி வாசலில் பழம் விற்கும் சீன அம்மா. தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நடைபாதையில் கூடை வைக்காதீர்கள் என்று தினமும் நான் சண்டை போடுவது அவரோடுதான். அரைநாள் கடையை அடைத்துவிட்டுப் போய், பார்த்ததைப் பார்த்தபடி போலீசில் சொல்லியிருக்கிறார். நன்றி சொல்லப் போனேன். மாம்பழத்தைத் துடைத்தபடியே சொன்னார்: “நன்றி வேணாம்லா. கூடைய நவுத்தச் சொல்லாத, போதும்.”

தெலுக் இந்தான் பஸ்

தாய்வீட்டுக்குப் போயிருந்த அந்தப் பெண்ணும் தெலுக் இந்தானிலிருந்து பஸ் ஏறி வந்து வாக்குமூலம் கொடுத்தாள். கழுத்தில் தழும்பு இன்னும் மாறவில்லை. என்மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் கேசை மூடியது. வழக்கு அவன்மேல்தான் போனது. நான் வேலைக்குத் திரும்பிய அன்று என்னைப் பார்க்க வந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் போனை எடுத்தாங்க. நீங்க மட்டுந்தான் என்னைப் பாத்தீங்க அக்கா.”

ஆக, காவலுக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான், அந்த மாதம் என்னைக் காத்தவர்கள் மூன்று பெண்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.