நாற்பத்தேழு வயதில் காதுகுத்து

போன வாரம் காது குத்திக்கொண்டேன்.

என் மகளுக்கு இல்லை. எனக்கு. வயது நாற்பத்தேழு.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகைக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு முன்னால் ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் – மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு கைக்குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

துணைக்கு தேவகி வந்திருந்தாள். நான் கணக்கு எடுக்கும் பள்ளியில் அவள் பிசிக்ஸ் டீச்சர். படாளத்துக்காரி. மனதில் இருப்பதை வடிகட்டாமல் பேசுகிறவள்.

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா குத்தணும்? பாப்பாவ எங்க காணோம்?"

"பாப்பா இதோ நிக்குதே" என்று என்னைக் காட்டினாள் தேவகி.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். "உக்காருங்க மேடம்" என்றார், தினமும் நாலு பேர் இந்த வயதில் வருவதுபோல.

இதற்குள் குழந்தைக்கு ஒரு காது முடிந்து, கடை அதிர அழுதது. நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"இன்னா எஸ்தரு, பயந்துகினு கீறியா? மாமன் மடி வேணும்னா சொல்லு, நானே குந்திக்கறேன்" என்றாள் தேவகி.

உண்மையில் நான் வலிக்குப் பயப்படவில்லை. வேறு எதற்கு என்கிறீர்களா? அதைச் சொல்ல நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்பாக்கத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். பகலெல்லாம் அணுவோடு வேலை. மாலையில் சபை. டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கடையின் மாடியில், நீளமான ஒரு ஹாலில் எங்கள் சபை கூடும். பெண்கள் வெள்ளைப் புடவை. தலையில் பூ கிடையாது. காதில், கழுத்தில், கையில் எதுவும் கிடையாது. சினிமா, டி.வி., ரேடியோ கிடையாது. பள்ளி ஆண்டு விழாவில் நடனம் என்றால், அன்று எனக்குக் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் போகும்.

வேடந்தாங்கலுக்கு டூர் போகலாம். பறவைகள் ஆண்டவர் படைத்தவை. மாமல்லபுரத்துக்குப் போகக் கூடாது. சிலைகள் மனிதன் செதுக்கியவை.

சென்னைக்குப் போகும் பஸ் மாமல்லபுரத்துக்குள் நுழைந்தால் அப்பா மெதுவாகச் சொல்வார்: "தலையக் குனிஞ்சு ஜெபம் பண்ணு." உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ விமானம் ஏறி வந்து பார்க்கிற இடத்தை, பஸ்ஸில் அரை மணியில் போய்விடக்கூடிய நான், என் முழங்காலைப் பார்த்தபடியே எத்தனையோ முறை கடந்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று இருந்தது.

ஆண்டவர் திடீரென்று வருவார், நல்லவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போவார், மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள் – இது எங்கள் சபையில் வாராவாரம் கேட்கும் செய்தி. ஒருநாள் பள்ளி விட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் பால் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவைக் காணோம். அப்பாவின் சைக்கிள் நிற்கிறது, அப்பாவையும் காணோம்.

ஆண்டவர் அவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் விடப்பட்டுவிட்டேன்... சமையலறைத் தரையில் சுருண்டு உட்கார்ந்து, என்ன பாவம் செய்தேன் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அம்மா கறிவேப்பிலையோடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். பின்னாலேயே அப்பா. "ஏன் பிள்ள, அழுத?" என்றார் அம்மா. வயிற்று வலி என்றேன்.

எட்டு வயதுக் குழந்தைக்கு எதற்கு அவ்வளவு பெரிய பயம்?

இருபத்தாறு வயதில் சபையை விட்டேன். காதலுக்காக விட்டேன் என்றுதான் பிற்பாடு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நிஜம் அதைவிடச் சாதாரணமானது. ஆராதனையில் எல்லோரும் கையை உயர்த்துவார்கள். நானும் உயர்த்துவேன் – அம்மா பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்காக மட்டுமே கையை உயர்த்துகிறேன் என்று புரிந்தது. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா திட்டவில்லை. நிதானமாக ஒன்று சொன்னார்.

"போறது உன் இஷ்டம். ஆனா வெளிய சந்தோஷம் கிடையாது. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதுதான் பிரச்சினை.

அடுத்த வருடம் சேகரைச் சந்தித்தேன். கோயிலுக்குப் போனால் பிரசாதத்துக்காகவே போகிற செங்கல்பட்டுக்காரர். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். முதன்முதலாக சினிமா தியேட்டருக்குப் போனோம். வெளியே போகும் கதவுக்குப் பக்கத்துச் சீட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஆண்டவர் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் சட்டென்று வெளியே ஓட வேண்டுமே! சேகர் காரணம் கேட்டார். "காத்து வரும்" என்றேன். ஏ.சி. தியேட்டரில்.

விதிகளை விட்டு வெளியே வருவது சுலபம். கதவைத் திறந்தால் போதும். பயம் அப்படியில்லை, அது நம்மோடு பஸ் ஏறி வருகிறது. ஒரு நல்ல சாப்பாடு, ஒரு சிரிப்பு, ஒரு புதுப் புடவை – எது கிடைத்தாலும் அடுத்த நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். இதற்கு என்ன தண்டனை வரப்போகிறது? மகள் பிறந்து, அவளுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது நான் டாக்டரைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடினேன். முந்தின நாள் எதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்று.

என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனது சேகர்தான். மகளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்றேன். தலையைக் குனியாமல் பார்த்தேன். யானைகள், தேவர்கள், முனிவர்கள்... கீழே ஒரு பூனை. முன்னங்கால்களைத் தூக்கி, ஒரு முனிவரைப் போலவே தவம் செய்துகொண்டிருக்கிறது. அதன் காலடியில் எலிகள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புன்னகை இல்லை. வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாமி விஷயத்துக்கு நடுவில் ஒருவர் உளியால் இப்படி ஒரு கிண்டலைச் செதுக்கியிருக்கிறார், இத்தனை நூற்றாண்டுகளாக அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சேகர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏதாவது நடக்க வேண்டுமே... பஸ் பஞ்சர்கூட ஆகவில்லை.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டதா? வாழ்க்கை அப்படியெல்லாம் ஒரே மதியத்தில் திருந்துவதில்லை. ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. சில வருடங்கள் கழித்து ஒரு விடுமுறை நாள். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வருகிறேன். கதவு திறந்திருக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லை. மகளைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. சேகரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை.

சரி, கடைக்குப் போயிருப்பார்கள் என்று டீ போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். பாதி டம்ளர் காலியான பிறகுதான் உறைத்தது – நான் பயப்படவே இல்லை. காலி வீடு வெறும் காலி வீடாக இருக்கிறது. அந்த டீயின் ருசியை என்னால் இன்றும் சொல்ல முடியும். இஞ்சி கொஞ்சம் அதிகம்.

சந்தோஷம் என்றால் பெரிதாக ஏதோ வந்து சேர்வது என்று நினைத்திருந்தேன். எனக்கு, இருந்த ஒன்று போனதுதான் சந்தோஷம்.

அப்புறம் ஏன் காது மட்டும் இத்தனை வருடம் காத்திருந்தது? அம்மா. கல்யாணத்துக்குப் பின் என்னோடு பேசாமலிருந்த அப்பா, பேத்தியைப் பார்க்க வந்து, மெல்லப் பேச ஆரம்பித்து, சில வருடங்களுக்கு முன் காலமானார். அன்று சபை மக்கள்தான் நாற்காலி தூக்கினார்கள், சமைத்தார்கள், விடிய விடியப் பாடினார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தப் பாட்டுகள் எனக்கு இன்றும் பிடிக்கும். இதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா இப்போதும் வெள்ளைப் புடவையோடு கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறார். சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். சினிமாவை, மாமல்லபுரத்தை அம்மா பார்க்கப்போவதில்லை. காதை எங்கே ஒளிப்பது?

கடையில் அந்தக் கருவி 'டப்' என்றது. முடிந்துவிட்டது. இரண்டாவதும் முடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு சின்னத் தங்கப் பொட்டுகள். எனக்கு அழுகை வந்தது.

"வலிக்குதா?" என்றாள் தேவகி.

"இல்ல. நல்லா இருக்கு."

"அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? நல்லாத்தான் கீது" என்று தோளைத் தட்டினாள்.

இந்தச் சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். முடியை இழுத்துக் காதை மூடிக்கொள்ளலாமா என்று பஸ்ஸில் யோசித்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார்.

"காதுல என்னட்டி?"

"குத்திக்கிட்டேம்மா."

அப்படியே திரும்பி உள்ளே போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, வரப்போவதற்குத் தயாரானேன். திரும்பி வந்த அம்மா கையில் ஒரு கிண்ணம். தேங்காய் எண்ணெய்.

"சும்மா விட்டா சீழ் புடிச்சிரும். இங்க திரும்பு."

விரல் நுனியில் தொட்டு, இரண்டு காதிலும் தடவினார். கம்மலை மெல்லத் திருகிவிட்டார். பழகிய விரல்கள். அப்போதுதான் கவனித்தேன்: என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்த அம்மாவின் காதுமடலில், மூடிப்போன ஒரு சின்னத் தழும்பு.

"அம்மா, உங்களுக்குக் குத்தியிருந்துதா?"

"பெறகு? உங்கப்பாவக் கெட்டுனப்பறந்தானே சபைக்கு வந்தேன். ஞானஸ்நானத்துக்கு முந்துன நாளு கழட்டுனேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கஷ்டமா? எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? எங்க வீட்ல போட்டது சின்னக் கம்மல். உங்க அப்பாவப் பெத்த ஆச்சி வீட்ல வாரவ போறவ எல்லாம் என் மூஞ்சியப் பாக்கமாட்டாளுவ, காதத்தான் பாப்பாளுவ. சபையில யாருக்கும் ஒண்ணும் கெடையாது. மொத நாளு போயி உக்காந்தப்ப, ஒருத்திகூட என் காதப் பாக்கல பிள்ள."

இத்தனை வருடம் நான் அம்மாவிடமிருந்து பறிக்கப்பட்டவை என்று நினைத்தவை, அம்மா தானாக இறக்கி வைத்தவை. கழற்றியதில் அவருக்கு வந்த அதே சந்தோஷம்தான், போட்டுக்கொண்டதில் எனக்கு வந்திருக்கிறது. இதில் யாருடையது சரி? வீடு வரும்வரை யோசித்தேன். தெரியவில்லை. தெரியாமலே நன்றாக இருந்தது. ஒன்று மட்டும் தோன்றியது: அம்மா தன் சந்தோஷத்தைத்தான் எனக்கும் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அது எனக்கு அளவு சரியாக இல்லை.

அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல, "ஜெபம் பண்ணிட்டுப் போ" என்றார்.

"நீங்க பண்ணுங்கம்மா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அம்மா கண்ணை மூடினார். பேத்தியின் பரீட்சை, மருமகனின் முதுகு வலி, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை, உலக சமாதானம் எல்லாம் முடிந்து கடைசியில் குரல் கொஞ்சம் தணிந்தது.

"ஆண்டவரே... இந்தப் பிள்ள காது ரெண்டும் சீக்கிரம் ஆறணும்."

நானும் ஆமென் சொன்னேன். காது என்னுடையதாயிற்றே.