நாலு மணி ஒட்டகச்சிவிங்கி

மைசூருக்குப் போய் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்று எங்கள் வீட்டில் முடிவானபோது, திட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. திறமையைப் பார்த்துக் கொடுத்த பொறுப்பு என்று சொல்ல முடியாது. அரண்மனையில் எத்தனை அறைகள், ராஜா இப்போது எதில் தூங்குகிறார், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவருக்கு ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வார் என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மணலியில் ஷிப்ட் முடித்து வந்து கொஞ்சம் படுக்கலாம் என்று பார்த்த அப்பா, "அது கையில ஒரு பேப்பரக் குடு, எழுதிகினு கெடக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் அதை ஒரு பதவியாகவே எடுத்துக்கொண்டேன். தினக்காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டேன். மணி, இடம், ஏன். மூன்றாவது கட்டம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. எந்த இடத்தைச் சொன்னாலும் அதை ஏன் பார்க்க வேண்டும் என்று காரணமும் சொன்னால்தான் எழுதுவேன் என்று அறிவித்தேன். அப்பா அரண்மனை என்றார், ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க விளக்குப் போடுவார்களாம். அம்மா சாமுண்டி மலை என்றாள். சாமி ஏன் கும்பிட வேண்டும் என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அந்தக் கட்டத்தில் 'சாமி' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

பெரம்பூரில் ரயில்வே வேலையில் இருந்த மாமா, அம்மாவுக்கு அண்ணன், அந்த வாரம் மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். பயணத்துக்கான யோசனையே அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மிருகக்காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கி முன்னால் இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது. ஏன் என்று கேட்டேன். மாமா அம்மாவைப் பார்த்தார், அம்மா அடுப்பைப் பார்த்தாள். நானே யோசித்து, "அதுக்கு சாப்பாட்டு நேரமா மாமா?" என்றேன். மாமா முகத்தில் பெரிய நிம்மதி. "அதேதான் கண்ணு" என்றார். நான் அப்படியே எழுதிவிட்டேன். இந்தப் பயணத்தைப் பற்றித் தெருவில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவில் மைசூர் பார்த்தவர்கள் யாருமில்லை. இவ்வளவு பெரிய சமாசாரத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வருவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

நானும் சித்தியும் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அது சுற்றுலா இல்லை, பெண் பார்க்கும் ஏற்பாடு. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். ராயபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. அதுவரை இரண்டு முறை மாப்பிள்ளை வீட்டார் திருவொற்றியூருக்கு வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, போனில் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். போன் வரவில்லை. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தெருதான் ஒரு மாதம் கேட்டது. சித்தி வேலைக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். இரண்டாவது முறைக்குப் பிறகு, "இனிமே எவன் வந்தாலும் தட்டத் தூக்கிகினு நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் மாமா, மைசூரில் இருக்கும் ஒரு நல்ல குடும்பத்துக்குப் பெண்ணைத் தற்செயலாகக் காட்டுவது போல் காட்டிவிடலாம் என்று திட்டம் போட்டார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை. மாமா கெட்டவர் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் அட்டையைச் சித்தி வாங்கிப் பார்த்தாள். ஒட்டகச்சிவிங்கி வரியில் விரல் நின்றது. இதை யார் சொன்னது என்று கேட்டாள். மாமா என்றேன். மாமாவா என்று மறுபடியும் கேட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சைப் பட்டை எடுத்து வைக்கச் சொன்னாள்.

"ஜூவுக்கு இன்னாத்துக்குக்கா பட்டுப்பொடவ?"

போட்டோ எடுக்கத்தான் என்றாள் அம்மா. சித்தி அந்த வரியை மறுபடியும் ஒருமுறை படித்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மைசூரில் முதலில் எல்லாம் என் அட்டைப்படியே நடந்தது. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பி மணி பார்த்தேன். மிருகக்காட்சிசாலையில் மூன்றரை மணிக்கு, அம்மாவின் குடையை வாங்கிக்கொண்டு, பாப்பாவுக்குக் குரங்கைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சித்தி என்னை அழைத்துப்போனாள். நாலு மணிக்கு ஒட்டகச்சிவிங்கிக்கு வந்துவிடு என்று எங்களோடு வந்திருந்த மாமா இரண்டு தடவை சொன்னார்.

நாங்கள் குரங்கைப் பார்க்கப் போகவில்லை. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு ஒட்டகச்சிவிங்கி இருக்கும் இடத்துக்கே வந்து, தள்ளிப் போட்டிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சித்தி குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையாகப் பட்டது. கூட்டம் முழுக்க ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குடும்பம் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிற போகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த அம்மாள் செல்போனைப் பார்ப்பதும் நிமிர்வதுமாக இருந்தார். அவர்களோடு வந்த ஒருவர், நீலச் சட்டைக்காரர், மட்டும் திரும்பி நின்று ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சித்தியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நீலச் சட்டக்காரராண்ட போயி, இது எத்தினி மணிக்கு சாப்புடும்னு கேட்டுகினு வா" என்றாள்.

நாலு மணிக்கு என்று நானே எழுதி வைத்திருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் அட்டையோடு போனேன். நான் கேட்டதும் அவர் முட்டியை மடக்கி எனக்குச் சமமாக உட்கார்ந்துவிட்டார். அட்டையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். 'சாமி' என்று எழுதிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் நீயே எழுதினதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நாலு மணின்னு உனக்கு யாரோ சும்மா சொல்லியிருக்காங்கம்மா. இது நாள் பூரா தின்னுக்கிட்டேதான் இருக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். அது அசை போட்டுக்கொண்டுதான் நின்றது. ஒரு வாரமாக நான் காத்திருந்த நேரமே பொய் என்றானதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்கயே இரு, கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக எங்கோ போனார். நான் இருக்கவில்லை. பெஞ்சுக்கு ஓடி வந்துவிட்டேன்.

"எப்டி பேசுனாரு?" என்றாள் சித்தி.

"என் பேப்பரப் பாத்து சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"ஆமா. நான் எழுதுனது பொய்யாம். அப்பறம் என்ன வுட்டுட்டு எங்கியோ பூட்டாரு."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சித்தி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, வா, யானை பார்க்கலாம் என்றாள். கைப்பையில் போன் அடித்தது, விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு வாசலுக்குத் திரும்பியபோது மாமா முகம் செத்துப்போயிருந்தது. அந்தக் குடும்பம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டதற்கு, "இவதான் ஆன, ஆனன்னு உயிர எடுத்துட்டா" என்று சித்தி என்னைக் கைகாட்டினாள். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு மறுநாள் மலையேறும்போதும் வலித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அரண்மனை விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தபோது நான் சித்தியின் மேலிருந்த கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்தேன்.

சித்தி இரண்டு வருடம் கழித்து மறுபடியும் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் சரி என்றார்கள். சித்தப்பா நல்லவர்தான். காசிமேட்டில் படகு எஞ்சினுக்கு சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். வீட்டில் யார் என்ன கேட்டாலும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு காதுகுத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். அம்மா மைசூர்க் கதையை எடுத்தாள். அன்று நடந்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது என்று சித்தி சொன்னதும் ஒரே சிரிப்பு. நீலச் சட்டைக்காரர்தான் மாப்பிள்ளை, அவரை வேவு பார்க்கத்தான் என்னை அனுப்பினாளாம். "சின்னப் புள்ளையப் பாத்தே நக்கலா சிரிச்சிருக்கான். நல்லவேள, தப்பிச்சேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நானும் சிரித்துவைத்தேன். கையிலிருந்த பாதி லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அன்று யானை பக்கம் பாதை திரும்பும் இடத்தில் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தேன். இதைச் சித்தியிடம் இன்றுவரை சொல்லவில்லை. வேலிக்கு உள்ளே ஓர் ஊழியர் புதுத் தழைக் கட்டு ஒன்றை உயரத்தில் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஒட்டகச்சிவிங்கி அவ்வளவு தூரத்திலிருந்து அதை நோக்கி நடந்து வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். வேலிக்கு வெளியே அந்த நீலச் சட்டைக்காரர் அதைப் பார்க்காமல், கூட்டத்துக்குள் குனிந்து குனிந்து ஒவ்வொரு குழந்தையின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மணி நாலு ஆகியிருக்க வேண்டும். என் அட்டையில் இன்னொரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். "வேகமா நட சித்தி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.