இரண்டு தலை ஒயர்

சோணைமுத்து வாடகை ஜெனரேட்டரோடு ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கினால் முதலில் சண்டை, அப்புறம்தான் வெளிச்சம். கீழக்கரையில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"பத்து ஃபேன், பத்து ட்யூப் லைட்டு, அம்புட்டுத்தான்" என்று கல்யாண வீட்டார் கூசாமல் சொல்வார்கள். அவர் நம்ப மாட்டார். நேரே அடுப்படிக்குப் போவார். அங்கே கிரைண்டர் இருக்கும், பிரிட்ஜ் இருக்கும், பின்கட்டில் தண்ணீர் மோட்டார் இருக்கும்.

"மோட்டாரு ஓடுறப்ப இழுக்குறது ஒரு பங்குன்னா, கெளம்புறப்ப மூணு பங்கு இழுக்கும்யா. பொய் சொல்லிச் சின்ன மிசினக் கேட்டா, அது தாங்குமா, ஒங்க அப்பன் வந்து தாங்குவானா?" என்று கத்துவார்.

சத்தமாக இருக்கிறது, வீட்டு நடையில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம் என்று எவனாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "பொகைய உள்ள விட்டு, மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஒண்ணாப் பொதைக்கப் போறியாலே?" என்பார். மிஷின் வெட்டவெளியில்தான் நிற்கும். மிஷின் சூடு ஆறுமுன் பெட்ரோல் ஊற்ற வந்தவனின் கேனைப் பிடுங்கித் தெருவில் வீசியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, அதிலிருக்கும் பியூஸ் கேரியர்களைக் கழற்றித் தன் வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். அவற்றைக் கழற்றிவிட்டால் ஜெனரேட்டர் கரண்டு வீட்டைத் தாண்டித் தெருக் கம்பத்துக்கு ஏற வழியில்லை. வேலை முடிந்து மிஷின் நிற்கும்வரை யார் கேட்டாலும் தர மாட்டார்.

காரணம் அவருடைய வலது கை. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

எண்பத்தெட்டில் அவர் கம்பத்தில் ஏறும் தினக்கூலி ஆள். கீழக்கரையில் ஒரு சந்துக் கம்பத்தில், லைனைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு ஏறினார். ஆனால் கம்பியைத் தொட்டதும் கரண்டு இருந்தது. சந்தில் ஏதோ ஒரு வீட்டில், இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரை எடுத்து, ஒரு தலையை ஜெனரேட்டரிலும் மறு தலையைச் சுவரிலும் செருகியிருந்தார்கள். மெயினை அணைக்கவில்லை. சுவரில் ஏறிய கரண்டு பின்வழியாகக் கம்பத்துக்கு வந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து வந்த ஜெனரேட்டர் அந்தச் சந்தில் நான்கு வீட்டில் இருந்தது. எங்களுக்குத் தெரியாது என்று நான்கு வீடும் கையை விரித்தன.

இருபது வருடமாகச் சட்டைப் பித்தானைப் போடும்போதெல்லாம் அந்த முகம் தெரியாதவனைச் சபித்துக்கொண்டே போடுவார். அந்தச் சந்தில் அவர் சபிக்காத ஒரே மனிதர் அகமது கபீர். அன்று முதலில் ஓடிவந்து, தன் காரிலேயே ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். முதல் ஜெனரேட்டரை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பெருநாள்தோறும் சோணைமுத்து வீட்டுக்கு ஒரு சட்டி பிரியாணி வந்துவிடும். இரண்டாயிரத்தாறில் கபீர் மௌத்தானபோது, பெற்ற தகப்பனுக்கு அழாத சோணைமுத்து அவர் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

இரண்டாயிரத்தெட்டில் ஊரெங்கும் மின்வெட்டு. கபீரின் பேத்திக்கு நிக்காஹ். அவர் மனைவி சாலிஹா சோணைமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். இவர் காலையிலேயே வந்து, வழக்கம்போலச் சத்தம் போட்டு, மிஷினை வெளியே நிறுத்தினார்.

"ஒயருக்கு ஏன் அலையுற? அவுக வச்சிருந்தது நல்லாத்தான் இருக்கு" என்று சாலிஹா ஒரு துணி மூட்டையைப் பிரித்தார். உள்ளே சுருட்டி வைத்த ஒயர். இரண்டு முனையிலும் பிளக்.

சோணைமுத்து அதை வாங்கி இரண்டு பிளக்கையும் திருப்பிப் பார்த்தார். "இத எப்பம்மா கடைசியா மாட்டுனீக?"

"மிசினு வந்த புதுசுல. நீ விழுந்த அன்னைக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சே. வெளிய அலறல் கேட்டதும் அவுக இதப் பிடுங்கி எறிஞ்சுட்டுத்தான் ஓடுனாக. அதுக்கப்பொறம் யாரையும் தொடவிடல."

அவர் இடது கையால் கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரைத் துண்டு துண்டாக வெட்டினார். சாலிஹா தடுக்க வந்தார்.

"இந்த ஒயருதாம்மா என் கையத் தின்னது!" தெருவே திரும்பிப் பார்த்தது. "தெரிஞ்சிருந்தும் சொல்லலையே அந்த மனுசன்! எனக்குச் சோறு போட்டாரே, அந்தச் சோத்த இந்தக் கையாலதான தின்னேன்? இருவது வருசமா ஊரெல்லாம் திட்டுனேன், அவர மட்டும் சாமியாக் கும்பிட்டேனே!"

சாலிஹா வெட்டிப் போட்ட துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தார். "பெருநாளுக்கு ஒன் வீட்டுக்குச் சட்டி போகாம அவுக கை நனைக்க மாட்டாக" என்றார் மெதுவாக. "ஏன்னு நான் கேட்டதே இல்ல, சோணைமுத்து."

சோணைமுத்துவுக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அதற்குள் உள்ளே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தார். பியூஸ் கேரியர்களைக் கழற்றியவர், அவற்றை மடியில் கட்டவில்லை. சாலிஹாவின் கையில் வைத்து அழுத்தினார்.

"மிசினு நிக்கிற வரைக்கும் இது ஒங்க பொறுப்பு. கம்பத்துல எவன் பெத்த பிள்ளை நிக்கிதோ, எனக்குத் தெரியாது."

நிக்காஹ் நேரத்தில் உள்ளேயிருந்து பேத்தி இரண்டு முறை ஆள் விட்டாள். சாலிஹா எழுந்திருக்கவில்லை. கேரியர்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெயின் சுவிட்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்.

சோணைமுத்து வெளியே மிஷின் பக்கத்தில் நின்று, திறந்த கதவு வழியாகச் சாலிஹாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் தணியவில்லை. தன் பங்குக்கு வந்த சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினார்.