இந்திரகுமாரின் இடது கால்

இறப்பர் மரத்தில் பால் வெட்டும் விஜயகலா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனாலும் மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுத்தாளைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்காமல் கீழே வைக்கமாட்டாள். 1998இல் தோட்ட மருந்துச்சாலை உதவியாளர் வேலைக்கு அவள் அனுப்பிய விண்ணப்பம் வந்து சேரவே இல்லை என்றார்கள். பதிவுத்தபால் ரசீதைக் காட்டினாள். அதற்குள் வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. அன்று முதல் கையில் ஆதாரம் இல்லாமல் அவள் எங்கும் பேசப் போனதில்லை.

2009 நவம்பர். கணவன் இந்திரகுமாருக்கு ஐந்து நாளாக வைரஸ் காய்ச்சலும் இருமலும். காலையில் மலையூற்றுப் பீலித் தண்ணீரில் முகம் கழுவி, ஈரப் புல்லில் நடந்து, இரு கால்களிலும் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளோடு வந்தவன் வாசலிலேயே தடுமாறினான்.

"இடது காலு திடீர்னு மரத்துப்போச்சு, விஜயா."

அட்டைகளைப் பிடுங்கக் குனிந்தாள். வலது காலில் இருந்தது திராட்சைபோல் உப்பியிருந்தது. கடிவாயிலிருந்து இரத்தம் வழிந்தது. இடது காலில் இருந்ததோ நூலாய்க் கிடந்தது. கடிவாயில் ஒரு சொட்டு இல்லை. தொட்டால் பாதம் சில்லிட்டிருந்தது! கலண்டர் தாளில் மணி "7.10" என்று குறித்தாள். இரண்டு ஜாம் போத்தல்களில் "வலது", "இடது" என்று ஒட்டி, அட்டைகளை உள்ளே போட்டாள்.

"காய்ச்சல்ல காலு ஒளையுந்தாம்மா. சுடுதண்ணி ஒத்தடம் குடு," என்றார் தோட்டத்து மருந்தாளர். போத்தல்களைப் பார்த்ததும் சிரித்தார். "என்னா, அட்டைக்கும் மருந்து வேணுமா?"

"அட்டை நல்லாத்தான் இருக்குங்க ஐயா. அதுக்கு ரத்தம் குடுக்காத காலுதான் நல்லா இல்ல."

அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டை எழுதித் தரவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. கடைத்தெருக் கபூர் நானாவின் த்ரீவீலர் இருவரையும் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்தது.

"கெட்டியாப் புடிச்சுக்கங்க தங்கச்சி, வளைவு வருது!"

"வளைவ விடுங்க நானா, ஹார்ன அடிங்க!"

துண்டு இல்லாதவர்கள் வரிசையில் உட்கார வேண்டும் என்றாள் தாதி. விஜயகலா போத்தல்களைத் தலைக்கு மேல் தூக்கினாள். "ககுல சீத்தலய், மிஸ்! லே நே!" கால் சில்லிட்டுவிட்டது, இரத்தம் இல்லை என்று அவள் சிங்களத்தில் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது.

வந்த டாக்டர் அட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடியதும் சிரிப்பு நின்றது. எப்போது தொடங்கியது என்று கேட்டார். கலண்டர் தாளை நீட்டினாள். மணி ஒன்பதரை. நெஞ்சைப் பிடித்த வைரஸ் எப்போதாவது காலின் இரத்தக் குழாய்க்குள்ளும் இரத்தத்தை உறைய வைத்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் அந்த இரத்தக் கட்டியை எடுத்தால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தள்ளுவண்டி ஓடியது. அவளும் கூடவே ஓடினாள்.

கட்டியை எடுத்து முடித்து, பிற்பகலில் அவளை அவன் கட்டிலருகே விட்டார்கள். பயந்து பயந்து இடது உள்ளங்காலில் ஒரு விரலை வைத்தாள். கால் வெடுக்கென்று இழுபட்டது.

"ஏய், கூசுதுடி! விடு!"

அவள் விடவில்லை. பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகச் சோதித்தாள்.