செம்மண் இறங்கிய கிணறு

நாரந்தனையில் எங்கள் வளவைச் சுற்றி எல்லாக் கிணறுகளும் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க ஏலாது. எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு. பின்னேரமானால் அயலவர்கள் குடங்களோடு வருவார்கள். அள்ளி முடிந்தும் போகாமல் நின்று கதைப்பார்கள்.

பக்கத்து வளவு நெடுங்காலம் பற்றையாகக் கிடந்தது. சொந்தக்காரர் கனடாவில். அவருடைய அக்கா எங்கள் ஒழுங்கையில்தான் சில வீடு தள்ளித் தனியாக இருந்தார், கணவர் இல்லை. இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். என் மகன் பிறந்தபோது எனக்குப் பத்தியச் சரக்கு அரைத்துத் தந்தது அவர்தான். தம்பி வீடு கட்டப்போகிறான், வேலையை நான்தான் பார்க்கவேண்டும் என்று அவர் வந்து சொன்ன அன்று எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த நிலம் பதிவு, தாழ்ந்து கிடந்தது. மாரியில் வெள்ளம் நிற்கும். அதனால் செம்மண் ஏற்றிவந்து உயர்த்திவிட்டுத்தான் அத்திவாரம் போடவேண்டும் என்றார் கட்டட வேலையைப் பொறுப்பெடுத்தவர். எங்கள் கிணறு வேலியோரம், அதைவிடப் பள்ளத்தில் இருந்தது. அக்கா அவரிடம் அதைத்தான் முதலில் கேட்டார்.

"தம்பி, முதல்லை இந்தப் பக்கம் மதிலைக் கட்டிப்போட்டு மண்ணைக் கொட்டினால் என்ன?"

"மதில் கடைசியாத்தான் அக்கா. டிப்பர் வந்து போகவேணுமல்லே. மழைக்கு இன்னும் காலம் கிடக்கு."

"அப்ப கிணத்துப் பக்கம் நிக்கிற புல்லையும் பற்றையையுமாவது விடுங்கோ. மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கும்."

"ஓம், ஓம், விடுறம்."

அக்கா யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போயிருந்த ஒரு காலையில் நிலத்தை வழிக்கிற பெக்கோ மெசின் வந்தது. நான் வேலியோரம் நின்று கையைக் காட்டிக் கத்தினேன். இரைச்சலில் சாரதிக்குக் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் வளவு முழுக்க மொட்டையாகிவிட்டது. பஸ்ஸால் இறங்கி வந்த அக்கா குடையை விரித்தபடியே அந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து குவிந்தது. அக்கா சும்மா இருக்கவில்லை. வெற்று உரப்பைகளைச் சேர்த்து வந்து மண் நிரப்பிக் கட்டினார். நானும் என் கணவரும் கூடப் போனோம். வேலியோரம் பைகளை அடுக்கி, அதற்குப் பின்னால் தென்னங்கிடுகு சாத்தி, மழைத்தண்ணீர் ஒழுங்கைப் பக்கம் ஓட ஒரு கான் வெட்டினோம். மண்குவியலை மூடப் படங்கும் கேட்டுக் கேட்டு வாங்கி விரித்தார். "இது காணுமே?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். போதும் என்றுதான் நானும் நம்பினேன்.

அந்த முறை மழை முந்திவிட்டது. விடியப் பிடித்தது, மத்தியானம் வரை விடவில்லை. காற்று படங்கைக் கிழித்து எறிந்தது. கான் நிரம்பி வழிந்தது. நாங்கள் மூவரும் நனைந்து நனைந்து மூட்டைகளுக்கு மேல் மூட்டை வைத்தோம். ஓர் இடத்தில் கிடுகு சரிந்தது, அவ்வளவுதான், மண்குவியலின் ஒரு பக்கம் கூழாகக் கரைந்து இறங்கியது. எங்கள் கிணற்றுக்கட்டு பழையது, உயரமும் இல்லை. செந்தண்ணீர் அதற்கு மேலால் ஏறி உள்ளே விழுந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கிணற்றுக்கட்டில் குப்புறப் படுத்துக் கையால் மறிக்கப் பார்த்தார். என் கணவர்தான் அவரைப் பிடித்துத் தூக்கினார்.

மழை விட்டதும் கட்டட வேலையைப் பொறுப்பெடுத்தவர் பெரிய தண்ணீர் மெசின் ஒன்றோடு வந்தார். அவருக்கும் முகமில்லை. "ஒரேயடியா இறைச்சுச் சேத்தை அள்ளினால் தெளிஞ்சிடும்" என்றார். என் கணவர் தயங்கினார். அந்தக் கிணற்றில் நாங்கள் வாளியைத் தவிர வேறெதுவும் இறக்கியதில்லை.

"இறைக்கட்டும் தம்பி," என்று அக்கா அவரிடம் கெஞ்சினார். "நான் பக்கத்திலை நிண்டு பாக்கிறன். பழையபடி ஆக்கித் தராட்டி எனக்கு நித்திரை வராது."

பகல் முழுக்க மெசின் ஓடியது. அடிச்சேறு வரை அள்ளி எடுத்தார்கள். சில நாளில் தண்ணீர் ஊறி வந்தது, அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக. அக்காதான் முதல் வாளி அள்ளினார். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தவர் வாளியை என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். உப்புக் கரித்தது.

"கொஞ்ச நாளிலை மாறும் அக்கா," என்றேன்.

என் கணவர் கிணற்றுக்கட்டில் இருந்தபடி சொன்னார்: "நல்ல தண்ணி மேலை மெல்லிசாத்தான் கிடந்தது. அதை இறைச்சு ஊத்திப்போட்டம். கீழை கிடந்த உப்பு மேலை வந்திட்டுது."

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அக்காவுக்கு அது பட்டுவிட்டது. அவர் முகத்தில் தெரிந்தது.

மாரியில் கொஞ்சம் மாறும், பங்குனியில் திரும்பவும் கரிக்கும். இப்போது பவுசரில் வரும் தண்ணீருக்கு நாங்களும் குடத்தோடு ஒழுங்கை முகப்பில் நிற்கிறோம். பக்கத்து வளவில் வீடு எழும்பிவிட்டது. மதிலும் கட்டியாயிற்று, நல்ல உயரமான மதில். சொந்தக்காரர் விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறார், மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும்.

தம்பியின் வீடு முடிந்த கையோடு அக்கா ஒழுங்கையில் தான் இருந்த வீட்டையும் விட்டுவிட்டு வவுனியாவில் மகளிடம் போய்விட்டார். போனில் கதைப்போம். மகன் என்ன செய்கிறான், மாடு கன்று போட்டதா என்று எல்லாம் விசாரிப்பார். தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். நானும் சொல்வதில்லை.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு வரச்சொல்லி வற்புறுத்தினேன். முழங்கால் நோ என்றார், பஸ்ஸில் இருக்க ஏலாது என்றார். நான் விடவில்லை.

"வந்தால் உம்மடை வீட்டிலைதானே நிக்கவேணும்," என்றார் கடைசியில். "காலமை எழும்பி அந்தக் கிணத்தடியிலை எப்பிடி முகம் கழுவுறது? அது என்னாலை ஏலாது, பிள்ளை."

அவர் உடனே போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அங்கே யாரோ கூப்பிட்டார்கள், "சரி, வைக்கிறன்" என்றார்.