மேற்கே திருப்பிக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாசம், ஆம்பூரில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயசு. தோல் பதனிடுகிற டேனரியில் தோல் விரிக்கிற வேலை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று எங்கள் வாத்தியார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். எழுதப் பழகியதே பிற்பாடுதான், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருந்த ஒரே சொத்து வாய். குடியாத்தம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கே பாட்டுக் கச்சேரி நடந்தாலும், பாடுகிறவர்கள் சோடா குடிக்கப் போகிற பத்து நிமிஷம் என்னை மேடையில் ஏற்றிவிடுவார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னையே திட்டிக்கொள்வேன். ஜனங்கள் சிரிப்பார்கள். என் மூஞ்சியைப் பார்த்தே பாதிப் பேர் சிரித்துவிடுவதால் வேலை பாதிதான்.

அந்த வருஷம் என் மனைவி உண்டாகியிருந்தாள். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. பயம். சட்டை பட்டனைச் சரியாகப் போடத் தெரியாதவன் ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது? ஆனால் பயமாக இருக்கிறது என்று ஆம்பிளை வெளியே சொல்ல முடியுமா? ஜோக்காக்கிவிட்டேன். வெளியூர் மேடைகளில் அதற்குத்தான் விசில் பறந்தது.

"வேணாம் வேணாம்னு பத்து தபா சொன்னேங்க. அதுக்கு இன்னும் காது முளைக்கல போல, வந்து குந்திக்கினு இருக்குது" என்று ஆரம்பிப்பேன். "பஸ்ல என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான், டேனரி நாத்தம். இது மட்டும் ஆயுசுக்கும் பக்கத்துல துண்டு போட்டு எடம் புடிச்சிருக்கு!" கடைசியாக ஒன்று வைத்திருந்தேன். "டேனரிக்கு ஒரு ஆட்டுத்தோல் வந்தாக்கூட வெளிச்சத்துல விரிச்சுப் பாக்குறோம். ஓட்டை இருந்தா திருப்பி அனுப்பறோம். புள்ளைய மட்டும் பாக்காமயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணுமாம். எனக்குக் கையெழுத்தே வராதுய்யா!"

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் மட்டும் இதைச் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன்.

கூழ் ஊற்றிய அன்றைக்குச் சாயங்காலம் கச்சேரி. அவளுக்கு ஏழாம் மாசம், கால் இரண்டும் வீங்கியிருந்தது. கூட்டத்தில் வந்து மண்ணில் உட்கார முடியாது. "பாட்டாவது காதுல விழற மாதிரி பண்ணுய்யா" என்றாள். நான் பெரிய ஆள் ஆயிற்றே! மைக் செட்டுக்காரரைக் கெஞ்சி, கிழக்கே பார்த்த குழாய் ஸ்பீக்கரை மேற்கே, என் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்ட வைத்தேன். புளியமரத்தில் நானே ஏறிக் கயிறு பிடித்தேன்.

மேடை ஏறியதும் டேனரி மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டினேன். கொஞ்சம் சிரித்தார்கள். கூட்டத்தில் வாணியம்பாடியில் என்னைப் பார்த்தவன் எவனோ இருந்திருக்கிறான். "யோவ், புள்ளை ஐட்டத்த எடுத்து வுடுய்யா!" என்று கத்தினான். மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொண்டது. நான் ஆரம்பித்தேன். காது முளைக்கல என்றதும் இடி மாதிரி சிரிப்பு. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன், புளியமரத்தில் குழாய் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்றால் மன்னிக்கலாம். எனக்கு ஞாபகம் வந்தது. வந்த பிறகும் நிறுத்தவில்லை. சிரிப்பு அப்படி ஒரு போதை. துண்டையும் சொன்னேன், ஆட்டுத்தோலையும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நல்லா சிரிச்சாங்களா?" என்றாள்.

"சும்மா தமாஷுக்குச் சொல்றது..."

"நான் கேக்கறது, நல்லா சிரிச்சாங்களா?"

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. வலி எடுக்க வேண்டிய மாசமே இல்லை. டேனரியில் தோல் ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியை மறித்தேன். டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை முன்னால் உட்கார வைத்து வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். நான் பின்னால் ஈரத்தோல் மேல் உட்கார்ந்து வந்தேன். எனக்குப் பொருத்தமான இடம்தான்.

பெண் குழந்தை. என் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும்தான் இருந்திருப்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். நான் வார்டுக்குள் போய் என் மனைவியின் கட்டில் பக்கத்தில் நின்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேணாம்னு சொன்னியே. அதுக்குக் காது இருந்துச்சுய்யா."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தினமும் சாயங்காலம் அப்பாமார்களை ஒரு மணி நேரம் உள்ளே விடுவார்கள். நான் சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் விரல் இடுக்கில் டேனரி மருந்தின் நீலக் கறை போகவில்லை. நர்சம்மா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "தொடாதீங்கண்ணே. கிருமி. பக்கத்துல நின்னு பேசுங்க, அது போதும்."

என்னிடம் இருந்த சொத்தைத்தான் கேட்டார். ஆனால் ஆயிரம் பேருக்கு முன்னால் கூசாத வாய், அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் நர்சம்மா, "வீட்டுல பேசற மாதிரி பேசுங்கண்ணே" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரே ஐட்டம். அதையே ஆரம்பித்தேன்.

"அம்மாடி, வேணாம்னு சொன்ன நாய் நான்தான். மூஞ்சிய நல்லா பாத்துக்கோ. பஸ்ல என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். நீ உக்காரு. துண்டு போட்டு வச்சிருக்கேன். ஓட்டை இருந்தாலும் பரவால்ல, திருப்பி அனுப்ப மாட்டேன். கையெழுத்து வராது, கைநாட்டு வெக்கறேன்டா கண்ணு."

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நெஞ்சுக்கூடு மட்டும் கோழிக்குஞ்சு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. திரும்பிப் பார்த்தால், என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. சுவரைப் பிடித்தபடியே வார்டுக்குத் திரும்பிப் போனாள்.

நாலாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நீங்க சொன்ன எதனாலும் இல்லண்ணே, தாய்க்கு ரத்தம் கம்மி என்று நர்சம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். நல்ல மனுஷி. அதை நம்புவதற்கு இத்தனை வருஷமாக முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது? தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். என் துண்டால் இன்னொரு சுற்றுச் சுற்றி, தூங்குகிற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் நான், நடுவில் அவள். நாலு நாளாக டேனரிக்குப் போகாததால் என் நாற்றம் எங்கே போயிற்றோ, அன்றைக்குப் பார்த்து ஒரு அம்மா வந்து அந்த மூன்றாவது இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் என் மனைவியின் ரவிக்கையைப் பார்த்தார். "நெஞ்செல்லாம் நனைஞ்சிருக்குதே, புள்ளைக்குப் பால் குடும்மா."

"தூங்குது" என்றாள் அவள்.

"இன்னா புள்ள?"

"பொண்ணு."

"முகத்த மூடிட்டீங்களே. யாரு ஜாடை, உன் ஜாடையா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை நீட்டி, என் மடியில் இருந்த துணியை லேசாகச் சரி பண்ணினாள்.

"அவங்க அப்பா ஜாடை" என்றாள்.

ஆம்பூர் வரும்வரை நான் திரும்பவே இல்லை. பாலாற்றங்கரையில் குழந்தையைப் புதைத்தோம். துண்டையும் அதோடு விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. மேடையை அந்த வருஷத்தோடு விட்டேன். டீக்கடையில் இன்னும் என்னைக் கிண்டல் பண்ணிக்கொள்வதுண்டு, ஆனால் வேறு யாரையும் அதில் சேர்ப்பதில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் சிரித்தார்கள், அதில் ஒரு முகமும் ஞாபகமில்லை. என்னை ஒருத்தர் அப்பா என்று சொன்னது அந்த பஸ்ஸில் அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தால் என் கை தானாகத் துண்டை எடுத்து அதில் போட்டுவிடுகிறது. யாருக்குப் பெரியவரே இடம் என்று கேட்டால், துண்டை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன்.