இடது காதில் கேட்ட கச்சேரி

இது நடந்த விஷயம். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி, மணியை அடித்து விசாரித்துக்கொள்ளலாம். அவர் வந்து திறக்க மாட்டார். அவருக்கு மணி கேட்காது. மனைவிதான் வருவார். நிமிடம் தவறாமல் எல்லாவற்றையும் சொல்வார். பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுகிற வேலை அந்த அம்மாளுக்கு. புருஷன் வெளியூர் போனால், எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறோம் என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், முடியாவிட்டால் மணி பார்த்து வைத்திருந்து வந்து சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். இந்தக் கதையில் நேரமெல்லாம் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

அவரைக் கண்ணாடிக்காரர் என்போம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர். நாற்பத்து மூன்று வயது. இஸ்திரி போடாத சட்டையோடு குப்பை கொட்டக்கூட இறங்க மாட்டார். படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற பாட்டு இருக்கிறதே... தொண்டை கிழியக் கத்துகிற அந்த ராக் இசைக்கு எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்று பெயராம். முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது, சுவருக்குள் குழாய் வெடிக்கப்போகிறது என்று கீழ்வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். பிளம்பர் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"இது குழாய் இல்ல சார். உள்ள யாருக்கோ ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க."

ஒரு வருடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் அவருடைய இடது காது நின்றுபோனது. ஒருநாள் காலையில் எழுந்தார், கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாட்டால் வந்த வினை என்று கட்டடம் முழுக்கத் தீர்ப்பெழுதினோம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நரம்பு காய்ந்துபோகிற வியாதி என்றார். இரண்டு வருடம் கழித்து வலது காதும் மங்கத் தொடங்கியது. "ஒரு மாசம். மிஞ்சிப்போனா ஆறு வாரம்" என்றார் டாக்டர்.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் வெளிமாநிலத்தில் அந்த ஷோ வந்தது. பதினெட்டு வருடமாக அவர் கேட்டுவந்த குழு. டிவியில் வராது, ரேடியோவில் வராது; கேசட்டைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு, ரகசியமாகக் கூடி, ரகசியமாகக் கலைகிற கூட்டம். அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இத்தோடு குழுவைக் கலைக்கிறோம் என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு மூன்றாம் மாடியில் நடந்த சண்டை வாசல் கேட் வரை வந்தது. புருஷனுக்குக் கேட்க வேண்டுமென்றால் அந்த அம்மாள் கத்தித்தானே ஆக வேண்டும்? நாங்கள் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை.

"இருக்கிற ஒரு காதையும் கொண்டுபோய் உடைச்சிட்டு வரப்போறீங்களா?"

"எப்படியும் போகத்தாம்மா போகுது. கடைசியா எதைக் கேக்கணும்னு நான் முடிவு பண்ணக் கூடாதா?"

"தாராளமா பண்ணுங்க. அந்த லிஸ்ட்ல உங்க பொண்ணு எத்தனாவது?"

பெண்ணுக்கு ஆறு வயது. அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் நாற்காலியில் ஏறி, அவர் வலது காதைக் கையால் குவித்துக்கொண்டுதான் பேசுவாள்.

வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்பிவிடுவதாகப் பேச்சு. கிளம்பும்போது மகள் பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அவர் திரும்பவில்லை.

மாலை 6.31. "இறங்கிட்டேன்" என்று செய்தி வந்தது.

இந்த மாதிரி ஷோக்களுக்கு இடத்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து நிறுத்திவிடுவார்களாம். நியாயம்தானே? கடைசி நேரத்தில்தான் தகவல் வரும். அந்த ஊரில் அவருக்கு ஒரே தொடர்பு, 'தாடி' என்று ஒருவன். இணையத்தில் பழக்கம், முகம் பார்த்ததில்லை. இடத்தை அவன் சொல்வதாக ஏற்பாடு.

6.52. ஃபோன் அடித்தது. கையில் அதிர்ந்ததால்தான் தெரிந்தது. ஒரு தோளில் பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். கைக்கு வந்தபடி காதில் வைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பழைய செருப்பு கோடவுன். பக்கவாட்டுல படி இருக்கும், கீழே இறங்கி வாங்க. ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிடுவோம்."

பக்கத்தில் நின்று பேசுவதைப் போலத் தெளிவான குரல். நடக்க ஆரம்பித்தார். நூறு அடி போன பிறகுதான் ஒன்று உறைத்தது.

ஃபோனை வைத்திருந்தது இடது காதில்.

பதற்றத்தில் ஏதோ குழப்பிக்கொண்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பிப் போயிருக்கலாம். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவனிடம் சாப்பாட்டை நீட்டினால், இலை யாருடையது என்று விசாரிப்பானா?

8.44. "உள்ளே போறேன். சிக்னல் இருக்காது." கோடவுன் வாசலிலேயே காத்திருந்துவிட்டு மனைவிக்கு அவர் அனுப்பிய கடைசிச் செய்தி அதுதான்.

பதினேழு படிகள். கீழே இரும்புக் கதவு. கதவருகே நின்றவன் முகத்தைப் பார்க்காமல், உள்ளே போ என்று கையைக் காட்டினான். தாழ்ந்த கூரை. நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். எல்லாரும் கறுப்புச் சட்டை. அது இவர்கள் சீருடை, அதில் வியப்பில்லை. ஆனால் இத்தனை பேரில் ஒருவர் கையிலும் ஃபோன் வெளிச்சம் இல்லை. வியர்வை நாற்றம் இல்லை. ரப்பர் கருகின வாசனை மட்டும் லேசாக...

9.00. கதவு மூடியது. வெளியிலிருந்து பூட்டு விழுந்த அதிர்வு தரையில் தெரிந்தது. பாட்டு முடிகிற வரை வெளியே பூட்டிவைப்பது இவர்கள் வழக்கம். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது. நடுவில் யாரும் கதவைத் திறக்கவும் கூடாது.

9.04. முதல் அடி விழுந்தது.

கேட்டது.

எல்லாமே கேட்டது. டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக. கிடார் கம்பியில் விரல் உரசுவது. பாடுகிறவன் கத்துவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பது. பதினெட்டு வருடம் கேசட்டில் கேட்காததெல்லாம் கேட்டது. கண்ணாடிக்காரர் அழுதார். இஸ்திரிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போல அழுதார்.

9.31. கூட்டம் முட்டி மோதி ஆடியதில் தடுக்கி விழுந்தார். பயப்படவில்லை. இந்தக் கூட்டத்தில் ஒருவர் விழுந்தால், சுற்றியிருப்பவர்கள் அந்தக் கணமே தூக்கி நிறுத்துவார்கள். அதுதான் அங்கே மரியாதை. நாலைந்து கைகள் வந்தன. தூக்கின.

கைகளில் கனமே இல்லை. பிடித்த இடத்தில் சட்டையில் கரி.

விழுந்ததில் வலது காதில் அடிபட்டிருந்தது. கையால் பொத்திக்கொண்டார். பாட்டு குறையவில்லை. அதே சத்தம்... அதே தெளிவு...

கையை மாற்றி, இடது காதைப் பொத்தினார்.

பாட்டு நின்றது.

மேடையில் டிரம்காரன் கை பறந்துகொண்டிருந்தது. கிடார்கள் ஆடின. பாடுகிறவன் வாய் கிழியத் திறந்திருந்தது. சத்தமே இல்லை. மிச்சமிருந்த நல்ல காதில், எங்கோ தூரத்தில், ஒன்றே ஒன்று மட்டும் கேட்டது.

இருமல்.

நாற்பது பேரின் இருமல்.

9.40. கதவுக்கு ஓடினார். தட்டினார். உதைத்தார். "திறங்க... யாராவது திறங்க..." காதிலிருந்து கையை எடுத்தாகிவிட்டதே. இடது காதில் ஒரு குரல், ஃபோனில் கேட்ட அதே குரல், மெதுவாகச் சொன்னது.

"நாங்களும் தட்டினோம்."

பாட்டு நின்றது. இந்தமுறை நிஜமாகவே நின்றது. எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு நாங்க பேசுறது கேக்குதா?"

தலையை ஆட்டாமல் இருந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எதிரில் யாராவது பேசி, அது தன் காதில் விழுந்துவிட்டால் உடனே பெருமையாகச் சொல்லிவிடுவது, மாதக்கணக்கில் அவருக்கு ஆகிப்போன பழக்கம்.

"கேக்குது" என்றார்.

அவ்வளவுதான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

காலை 4.10. கோடவுனுக்கு வெளியே நடைபாதையில் கண் விழித்தார். எதிரே ஒரு லாரி போனது. சத்தமில்லை. வலது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார். மறுபடி சொடுக்கினார். ஆறு வாரத்தில் இன்னும் நான்கு வாரம் பாக்கி இருந்தது.

ஃபோனில் மனைவியின் அழைப்பு முப்பத்தொன்று. தாடியிடமிருந்து 6.55க்கு வந்த செய்தி, இடம்தான் தெரிந்துவிட்டதே என்று அவர் திறக்காமல் விட்டது, அப்படியே கிடந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு கார் ஷெட், வழி, வரைபடம். கோடவுனுக்கு வரச்சொல்லி ஃபோன் பண்ணியது நீதானே என்று இவர் எழுதிக் கேட்டார். அவன் பதில் எழுதினான்.

"நான் ஃபோனே பண்ணல ப்ரோ. உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரியும்ல, எதுக்குப் பண்ணப்போறேன்?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

"அந்தக் கோடவுனா? நாலு வருஷம் முன்னாடி அங்க ஷோ நடக்கும்போதுதான் தீப்பிடிச்சது. வெளிய பூட்டியிருந்தாங்க. ஒருத்தரும் உயிரோட வெளிய வரல. அந்தப் படியையே செங்கல் வெச்சு அடைச்சிட்டாங்க ப்ரோ. நீங்க எப்படி இறங்கினீங்க?"

திரும்பிப் பார்த்தார். செங்கல் சுவர். அதன் இடுக்கில் செடி முளைத்திருந்தது.

வீட்டுக்கு வந்தார். மகள் ஓடிவந்து நாற்காலியில் ஏறி, வலது காதில் என்னென்னவோ சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். ஒரு எழுத்துகூட விழவில்லை என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் மனைவியிடம் எழுதிக் காட்டினார். இடது காதில் மட்டும் அந்த நாற்பது பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காதில் விழுகிற குரலெல்லாம் யாருடையது என்று இப்போது அவருக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தவர்கள் குரல் மட்டும்தான் அதில் விழும்.

போன வியாழக்கிழமை. காலை 7.20. முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

இடது காதில், "அப்பா... நான் பேசுறது கேக்குதா?"

மகளின் குரல்.

ஈரக் கையோடு ஓடினார். கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் கை வைத்துப் பார்த்தார். சூடாக மூச்சு வந்தது. வாய் மூடியிருந்தது.

காதில் மறுபடியும், "அப்பா..."

அன்றிலிருந்து அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவும் லீவு. காய்ச்சலாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். நேற்று படிக்கட்டில் மடக்கிக் கேட்டபோதுதான் அந்த அம்மாள் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் காதில் விழுகிற அந்தக் குரலில் ஒரு வித்தியாசம் இருக்கிறதாம். வார்த்தைகளுக்கு நடுவே 'ஸ்ஸ்' என்று காற்று கசிகிறது. முன் பல் விழுந்த பிள்ளைகள் பேசுவதைப் போல.

மகளுக்கு இன்னும் ஒரு பல்லும் விழவில்லை. பல் விழாத வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சோற்றைக் குழைத்துத்தான் ஊட்டுகிறார்கள். பழத்தை மசித்துத் தருகிறார்கள். பிரஷ் கிடையாது, பஞ்சால் துடைத்துவிடுகிறார்கள். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. ராத்திரி இருவரும் மாறி மாறி விழித்திருந்து, டார்ச் அடித்து வாயைப் பார்க்கிறார்கள்.

இன்று காலை 6.05க்கு அந்த அம்மாள் இறங்கி வந்து சொன்னார்: மேல் வரிசையில் முன் பல் ஒன்று ஆடுகிறது.